கத்திக்கு முன்னால் ஊசி

மார்பில் கட்டி என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி "ஆபரேஷன் எப்போ?" என்பதுதான். கேட்க வேண்டியதோ, "கோர் பயாப்ஸி (ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்தாச்சா?"

"கட்டியை எடுத்துட்டு டெஸ்டுக்கு அனுப்பிக்கலாம்" என்று நேரே கத்தி வைப்பது இன்னமும் நடக்கிறது. ஓரத்தில் புற்று மிஞ்சினால் மறுபடி ஆபரேஷன். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் வாய்ப்பும் போயிற்று. மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி.யில் உதிரி செல்கள்தான் வரும். கோர் பயாப்ஸியில் மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலும் 14 கேஜ் (ஊசியின் பருமன் அளவு) ஊசியால், தீக்குச்சியைவிட மெல்லிய சதைத் துண்டுகள் சில எடுப்பார்கள். அவை உடனே ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) விழ வேண்டும்; 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல் ஊற வேண்டும். இதில் கோட்டை விட்டால் ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இருந்தும் 'இல்லை' என்று ரிப்போர்ட் வரலாம். பல வருஷ மாத்திரை வைத்தியமே அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (புற்றை வளரத் தூண்டும் புரதம்) என்ற மூன்றையும் தேடுங்கள். ஹெர்-2 பூஜ்யம் அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் எதுவும் முடிவாகவில்லை, ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்தாக வேண்டும். பாசிட்டிவ் என்றால் ஹெர்-2வைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து, வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருஷம். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ (இதய ஸ்கேன்). மூன்றுமே நெகட்டிவ் என்றால் முக்கிய ஆயுதம் கீமோ, புற்று பரம்பரையாக வந்ததா என்று பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணு சோதனை பற்றியும் கேளுங்கள்.

ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை தினம் 20 மி.கி., குறைந்தது 5 வருஷம். மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் 2.5 மி.கி. கொடுப்பதுண்டு. சறுக்குவது இங்கேதான்: கீமோவால் மாதவிடாய் நின்ற நாற்பது வயதுக்காரருக்கு லெட்ரோசோல் மட்டும் கொடுத்தால், சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளலாம், மருந்து வீணாகலாம். சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர வேண்டும். டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் மனச்சோர்வுக்குப் பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவுக்கு மாறுவதை அவை தடுக்கும்.

ஆபரேஷனுக்கு முன் கீமோ என்றால், தொடங்கும் முன்பே கட்டிக்குள் அரிசி மணியைவிடச் சின்ன உலோக கிளிப் வைக்கச் சொல்லுங்கள். கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால் எங்கே வெட்டுவது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

"முழுசா எடுத்தாத்தான் பத்திரம்" என்பார்கள் உறவுக்காரர்கள். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை. 2002-இல் வெளியான, இத்தாலியின் மிலான் நகரில் நடந்த ஆய்வின் 20 ஆண்டு முடிவும் அதையே காட்டியது. ஆனால் கதிர்வீச்சைத் தவிர்க்கக் கூடாது. இப்போது பலருக்கு வாரம் ஐந்து நாளாக 15 நாள், மூன்று வாரம். அவ்வளவு நாள் வந்துபோக வழியில்லாதவர் முழு மார்பையும் எடுக்கச் சொன்னால் அதைத் தவறென்று சொல்ல மாட்டோம். கட்டி பெரிதாக இருந்தாலோ அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, முழுசா எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. லேபில் எழுதிக் கொடுத்து, சதைத் துண்டை மெழுகில் பதித்த பிளாக்கையும், அதைச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். வெயிலில், காருக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.