‘அடிப்படை வசதி செய்து தரவும்’ என்று மனு எழுதாதீர்கள்

திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் அடிக்கடி பார்க்கும் வாசகம் இது: “எங்கள் ஊருக்குக் குடிநீர், சாலை, தெருவிளக்கு உள்ளிட்ட அடிப்படை வசதிகளைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.” அந்தத் தாள் அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும், பிறகு ஊராட்சி செயலரிடமும் இறங்கி, “நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். பதில் கொடுத்தாயிற்று, கோப்பும் முடிந்தது.

அந்த ஒற்றை வரியை எழுத முடியாதபடி மனுவை எழுத வேண்டும். எந்த நிதியில் எவ்வளவு வந்தது, அதை எதற்குச் செலவிடலாம், நாம் கேட்கும் வேலை எத்தனை மீட்டர், எத்தனை லிட்டர் என்பதெல்லாம் தாளிலேயே இருந்தால் ‘நிதிநிலை’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிவது கடினம்.

ஊராட்சிப் பணம் ஒரே பையில் கிடப்பதில்லை. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், குத்தகை போன்ற சொந்த வருவாய் பொது நிதியில் சேர்கிறது. நடைமுறையில் இதைக் கணக்கு எண் 1 என்பார்கள். மின் கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதற்கும் கணக்கு எண் 2. திட்டப் பணிகளுக்குத் தனிக் கணக்கு. இவை தவிர, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் ஊரக, நகர உள்ளாட்சிகளுக்கென்று பிரிக்கப்பட்டு, மாநில நிதிக்குழு மானியமாக வருகிறது. மத்திய நிதிக்குழு மானியம் இன்னொரு வழியில் வருகிறது. ‘பணம் இல்லை’ என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி, “எந்தக் கணக்கில்?” என்பதாக இருக்கட்டும். ஒன்றில் இல்லாமல் இன்னொன்றில் பணம் தூங்கிக்கொண்டிருப்பது சகஜம்.

அது ஏன் தூங்குகிறது என்பதற்கு மத்திய மானியத்தின் விதியைப் பார்க்க வேண்டும். 2021-22 முதல் 2025-26 வரையிலான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் ‘டைடு’, 40 சதவீதம் ‘அன்டைடு’. டைடு என்றால் கைகட்டப்பட்ட பணம்: பாதி குடிநீர், மழைநீர் சேமிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, மறுபாதி துப்புரவுக்கு. அதில் சிமென்ட் சாலை போட முடியாது. அன்டைடு பணத்திலும் சம்பளமோ அலுவலகச் செலவோ செய்யக்கூடாது. மேலே உட்கார்ந்து ஊரின் தேவையைச் சதவீதமாகப் பிரிக்கும் இந்த ஏற்பாடே உள்ளாட்சி என்ற சொல்லுக்கு முரணானது என்பது என் கருத்து. ஆனால் விதி இருக்கும்வரை அதைத் தெரிந்து கேட்பவருக்குத்தான் வேலை நடக்கும். சாலையை டைடு பணத்தில் கேட்டால் மறுப்பது அவர்களுக்கு எளிது. சாக்கடைக் கால்வாயையும் குடிநீர்க் குழாயையும் அதில் தள்ளிவிட்டு, அன்டைடு பங்கைச் சாலைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

இந்த மானியத்தில் எந்த வேலையும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இருக்க வேண்டும். மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் அந்தத் திட்டம் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத வேலைக்கு அதில் பணம் கொடுக்க வழியில்லை. அடுத்த நிதியாண்டுக்கான திட்டத் தயாரிப்பு அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்குகிறது. மே 1 கிராம சபையில் எழுந்து உரக்கக் கேட்டால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அந்த ஆண்டுப் பட்டியல் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) திட்டத்துக்காகத் தவறவே விடக்கூடாதது அக்டோபர் 2.

இனி அளவு. குடிநீரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மிக அதிகமாகக் கேட்கப்படுவதும் மிக மோசமாக எழுதப்படுவதும் அதுதான்.

வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 150 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 600 பேர், ஆக 33,000 லிட்டர். தொட்டி 10,000 லிட்டர் கொள்ளும் என்றால் தினமும் மூன்று முறைக்கு மேல் நிரம்ப வேண்டும். மோட்டார் நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளினால் ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும். தொட்டி இயக்குபவரிடம் தினம் எத்தனை முறை ஏற்றுகிறார் என்று கேட்டால் பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு 20 லிட்டர் வாளியும் கைபேசிக் கடிகாரமும் போதும். தெருவின் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு மூன்றிலும் வாளி நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வீட்டில் நாலு நிமிடம் ஆகிறது, தண்ணீர் அரை மணி நேரம்தான் வருகிறது என்றால் அந்த வீட்டுக்குக் கிடைப்பது 150 லிட்டர். நாலு பேருக்கு 220 வேண்டும். முதல் வீட்டில் அதே வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது என்றால் ஊருக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று எழுதாதீர்கள், பங்கீடு கெட்டிருக்கிறது. மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் தனித்தனி கேட் வால்வு (குழாயில் தண்ணீரைத் திறந்து அடைக்கும் திருகு) இல்லாமலிருக்கலாம், இருந்தும் துருப்பிடித்துத் திரும்பாமலிருக்கலாம். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இருக்கலாம் (இதை மனுவில் எழுத யாரும் விரும்பமாட்டார்கள், அடுத்த வீட்டுக்காரர் ஆயிற்றே). இந்தக் குறைகளோடு புதிய ஆழ்துளைக் கிணறு போட்டால் பணம் போகும், கடைசி வீடு காய்ந்தேதான் கிடக்கும். ‘இரண்டு கேட் வால்வு, இந்தத் தெருமுனையிலிருந்து அந்தக் கோயில்வரை 180 மீட்டர் குழாய் மாற்றம்’ என்று எழுதப்பட்ட கோரிக்கைக்கு உதவிப் பொறியாளர் மதிப்பீடு போட்டாக வேண்டும்.

தெருவிளக்குக்கு மின்கம்ப எண்தான் முகவரி. இரவு ஏழு மணிக்கு மேல் ஒரு சுற்று நடந்து, எரியாத கம்பங்களின் எண்ணைக் குறித்தால் போதும். விளக்கு ஊராட்சியின் பொறுப்பு, கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது. இதைப் பிரிக்காமல் கொடுக்கும் மனு இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் ஊஞ்சலாடும்.

கிராம சபையில் நடக்கும் கோளாறுகள் பெரும்பாலும் தாளில்தான் நடக்கின்றன. கூட்டப் பொருள் பட்டியல் மேலிருந்து வருகிறது. ஊராரின் கோரிக்கை ‘இதர பொருள்கள்’ என்று கடைசியில் ஒதுங்கும், அப்போது பாதிக் கூட்டம் கலைந்திருக்கும். ஆகவே கூட்டத்துக்குச் சில நாள் முன்பே எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது. குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைக்கென்று கையெழுத்து வாங்கி, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வது பழைய வித்தை. தீர்மானப் புத்தகத்தில் வாசகத்தை எழுதி, கூட்டத்திலேயே உரக்கப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள். படிவம் 30-இல் உள்ள வரவு செலவுச் சுருக்கம் எங்கே பலகையாக வைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள்.

இத்தனையும் ஊர் அளவில் செய்யக்கூடியவை. ஊர் எல்லைக்கு மேலே இருக்கும் அநியாயங்கள் வேறு. மானியப் பங்கீட்டுக்கு 15-ஆவது நிதிக்குழு எடுத்துக்கொண்டது 2011 மக்கள்தொகை. மாநிலங்களுக்கிடையில் 90 சதவீத எடை அதற்கு, 10 சதவீதம் பரப்பளவுக்கு. கொல்லிமலை, சவ்வாதுமலை, கல்வராயன்மலையில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில் தலைக்கு வேண்டிய குழாய் நீளம் சமவெளி ஊரைவிடப் பல மடங்கு. தலையை எண்ணிப் பணம் கொடுத்தால் அந்த ஊர்கள் எப்போதும் பின்தங்கும். மாநில நிதிக்குழு அமைக்கப்படும்போது அனுப்ப வேண்டிய கோரிக்கை இது.

உள்ளாட்சித் தேர்தலும் அப்படித்தான். அரசியல் சாசனத்தின் 243-இ பிரிவு ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு அடுத்த தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் (தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக ஊராட்சியை நடத்தும் அரசு அலுவலர்கள்) வந்தார்கள். வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர் என்றால், மனு போவதும் அவரிடம், பதில் எழுதுவதும் அவர்.

கேரளத்தில் மாநில பட்ஜெட்டோடு வரும் நான்காம் பின்னிணைப்பில் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் எவ்வளவு என்று பெயர் வாரியாக அச்சிடுகிறார்கள். நம் ஊராட்சிக்கு வரும் தொகையைத் தெரிந்துகொள்ள நாம் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டம் 6(1)-இன் கீழ் எழுத வேண்டியிருக்கிறது. பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலகம் (கிராம ஊராட்சி) என்று முகவரியிடுங்கள். இடம் தவறானாலும் 6(3)-இன்படி ஐந்து நாளில் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. கடந்த மூன்று நிதியாண்டுகளில் தலைப்பு வாரியாக வந்த தொகை, மார்ச் 31-இல் இருந்த இருப்பு, ஒவ்வொரு வேலையின் மதிப்பீடும், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலும் என்று கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. முடிந்ததாகக் காட்டும் வேலை தரையில் இல்லையென்றால், 2(j)-இன்படி பணியையே நேரில் ஆய்வு செய்யவும் பொருள் மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு. போகும்போது அளவு நாடாவை மறக்க வேண்டாம்.