மோந்து மட்டும் பார்த்த நாட்கள்

ஜனவரி 5, ஞாயிறு

சூப்பர் மார்க்கெட் திறந்துதான் இருந்தது. மது அடுக்குக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை 12.30 வரை பூட்டு. நான் 12.10-க்கே போய்விட்டேன். டயாபர் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு நின்றேன். 12 வருட ரெட்பிரெஸ்ட் விஸ்கி, 60 யூரோவுக்கு மேல் ஆனது. வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டுப் பெரியவர் காகிதப் பையோடு வாசலில் நிற்கிறார். அதிலும் விஸ்கி: கிரீன் ஸ்பாட். "குழந்தையின் தலையை நனைக்க" என்றார். விலை கிட்டத்தட்ட அதேதான்.

திறக்க இருப்பது ஒரு நாள், பாட்டில் இரண்டு.

மனைவிக்கு 40 வாரம் 5 நாள்.

ஜனவரி 6

இங்கே அயர்லாந்தின் கார்க்கில் இன்று பெண்களின் கிறிஸ்துமஸ். ஆண்கள் அடுப்படியில், பெண்கள் வெளியே. பக்கத்து வீட்டில் நாலு பேர் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள். இவள் சோபாவை விட்டு எழவில்லை. ஜன்னலில் தொங்கிய நட்சத்திரத்தை இறக்கினேன்.

தலை நனைப்பது பற்றி அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கக் கூடாது. "பச்சப் புள்ள தலையில சாராயமா? நீ என்ன கெட்டுப் போயிட்டியா?" குழந்தை பிறந்ததும் குடிப்பது நாங்கள்தான், பெயர்தான் அப்படி என்று புரியவைக்க இருபது நிமிடம் ஆனது. முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை.

ஜனவரி 7

41 வாரம். வலி இல்லை. துணி காயப்போடும் கம்பியில் ராபின் வந்து உட்கார்ந்தது.

ஜனவரி 8

இரண்டையும் திறந்துவிட்டேன். குடிக்கவில்லை. எந்த நேரமும் கார் எடுக்க வேண்டியிருக்கும். ஊரில் பதினாறு வருடம் ஓட்டியவன் இங்கே கற்றுக்குட்டி; முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில், புது ஓட்டுநர் என்பதற்கான ஆங்கில 'என்' (N) ஒட்டியிருக்கிறது. (யார் கார் என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.) மற்றவர்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் வரை விடுவார்கள், எனக்கு 20. அந்த 20-ஐயும் நம்பி இறங்க மாட்டேன். ஆகவே மூக்கு மட்டும்.

வாய் குறுகிய கிளாஸ் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன், மேலே சாஸர். பத்து நிமிடம் கழித்து சாஸரை எடுத்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு மோந்தேன். வாயை மூடிக்கொண்டு இழுத்தால் ஸ்பிரிட் நெடி மூக்கைப் பொசுக்கிவிடும்.

ரெட்பிரெஸ்ட் நேராக வந்து முகத்தில் மோதுகிறது: உலர் திராட்சை, அத்திப்பழம், கிராம்பு, வறுத்த பாதாம். எல்லாம் ஷெர்ரி வைன் ஊறிய பீப்பாய் கொடுத்தது. அடியில் வெண்ணெய் மாதிரி ஏதோ வழவழப்பு. கிரீன் ஸ்பாட் கூச்ச சுபாவம். முதலில் ஒன்றுமே இல்லை. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் பச்சை ஆப்பிள், தேன், கொஞ்சம் புதினா, அப்புறம் வெனிலா.

ரெட்பிரெஸ்ட்தான். சந்தேகமே இல்லை. பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டும் 40 சதவீதம். இந்த வீட்டில் இப்போது 40 என்ற எண்ணைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

ஜனவரி 9

பரிசோதனை. மூன்று மணி நேரம் காத்திருந்து ஏழு நிமிடம் பார்த்தார்கள். திங்கள் வரை பொறுப்பார்களாம், அப்புறம் மருந்து கொடுத்து வலியை வரவழைப்பார்களாம். வரும் வழியில் இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான். பை ஒன்பது நாளாக டிக்கியில் கிடக்கிறது.

பெட்ரோல் நிரப்பினேன். நேற்றும் நிரப்பியதுதான்.

ஜனவரி 10

தூக்கம் இல்லை. அதனால் வரலாறு.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் டப்ளின் 'போ' (Bow) தெருவில் ஜேம்சன் ஆலை காய்ச்சிய சரக்கை வாங்கி, தங்கள் பீப்பாயில் ஊறப்போட்டு விற்றவர்கள் வைன் வியாபாரிகள். கில்பி நிறுவனம் 1912-இல் ரெட்பிரெஸ்ட் என்று ராபின் பறவையின் பெயரை வைத்தது. 1805-இலிருந்து இருக்கும் மிட்செல் குடும்பம், பீப்பாய் மேல் பெயின்டால் பொட்டு வைத்தது: நீலம் என்றால் 7 வருடம், பச்சை 10, மஞ்சள் 12, சிவப்பு 15. இப்போதைய பச்சைப் பொட்டான கிரீன் ஸ்பாட்டில் வயது அச்சிட்டிருக்காது; உள்ளே இருப்பது 7-லிருந்து 10 வரை. 'போ' தெருவில் காய்ச்சுவது நின்றுபோய், 1975 முதல் எல்லாம் இங்கே பக்கத்தில் மிடில்டனில். கார்க்கிலிருந்து ரயில் போகிறது. பழைய ஆலையில் 31,618 காலன் பிடிக்கும் செம்புக் கொப்பரை இருக்கிறது. போன கோடையில் அதன் முன்னால் இவள் எடுத்த போட்டோவில் நான் கொசு மாதிரி இருக்கிறேன்.

அந்த வழவழப்புக்குக் காரணம் வரி. முளைகட்டிய பார்லிக்கு 1785-இல் வரி போட்டார்கள். வரியை மிச்சம் பிடிக்க, முளைகட்டாத பச்சை பார்லியைக் கலந்தார்கள். ருசி பிடித்துப்போய், இன்று சட்டமே அதுதான்: இந்த இரண்டையும் போல, செம்புக் கொப்பரையில் காய்ச்சிய 'பாட் ஸ்டில்' விஸ்கி என்று எழுத வேண்டுமானால் இரண்டிலும் குறைந்தது 30 சதவீதம். மிச்சம் பிடிக்கப் போய் ஒரு ருசியைக் கண்டுபிடித்தவர்களை எனக்குப் பிடிக்கிறது.

மணி 4.20. அசைவு இருக்கிறது. எண்ணினேன், பத்து.

ஜனவரி 11

காலையில் கழுவலாம் என்று கிளாஸை எடுத்தேன். ராத்திரி சிங்க்கில் ஊற்றிய பிறகு காலியாக விட்டிருந்தவை. ரெட்பிரெஸ்ட் கிளாஸில் ஈர மரப்பெட்டி வாசம் மட்டும் மிச்சம். கிரீன் ஸ்பாட் கிளாஸில் சத்துமாவு! இப்போதுதான் அரைத்து, சூடு ஆறாத சத்துமாவு. விட்டுவிட்டு மூன்று முறை மோந்தேன். ராத்திரி முழுக்க என்ன செய்துகொண்டிருந்தது இது?

இவளிடம் நீட்டினேன். இந்த மாதங்களில் இவள் மூக்குக்கு முன்னால் என் மூக்கு எம்மாத்திரம். ரெட்பிரெஸ்ட்: "கல்யாண வீட்டு உக்கிராணம்." கிரீன் ஸ்பாட்: "மழை பெஞ்ச வைக்கோல். ஏங்க, இதத்தான் திறக்கணும்."

"ஏன்?"

"அது வந்தவங்களுக்கு. இது நமக்கு."

ராபின் வரவில்லை.

ஜனவரி 12

ஞாயிறு. இன்றைக்கும் 12.30 ஆகிறது, எங்கும் போகவில்லை.

மறுபடி கலங்குகிறேன். 12 வருடம் ஊறியதை விட்டுவிட்டு, வயதே எழுதாததைத் திறப்பதா? ஆனால் அந்தச் சத்துமாவு. ரெட்பிரெஸ்டைப் பெரியவரோடு சேர்ந்து திறந்துகொள்ளலாம். அவர் கொடுத்ததை நாங்களும், நான் வாங்கியதை அவரும். இது சரியாக வரும்.

இன்றும் ஒவ்வொரு டீஸ்பூன். ஒரு மணி நேரம் சாஸர் மூடி

ஜனவரி 13, காலை 5.10

வராந்தா. நாற்காலி ஒன்றுதான், அதுவும் ஆடுகிறது. உள்ளே விட இன்னும் பத்து நிமிடம் என்கிறார்கள். எல்லா சிக்னலும் பச்சை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

கிளாஸ் இரண்டையும் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். சாஸரைத் திரும்ப மூடினேனா இல்லையா