விதை வாங்கும் முன் ஒரு சமையலறைக் கணக்கு

இரண்டு வாரம் வீட்டில் எந்தக் காய் எவ்வளவு செலவாகிறது என்று எழுதி வையுங்கள். பாத்தி போடுவதெல்லாம் அப்புறம். யாரும் தொடாத முள்ளங்கிக்கு எதற்கு இடம்?

தக்காளியை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கெட்டியான சாஸுக்குச் சுமார் 3 கிலோ பழம் போகும். மாதம் ஒரு லிட்டர் என்றால் வருடத்துக்கு 36 கிலோ. செடிக்கு 3 கிலோ என்று அடக்கமாகக் கணக்குப் போட்டால் 12 செடி. இதற்கு ஓரளவு வளர்ந்து நின்றுவிடும் குட்டை ரகம்தான் சரி. சில வாரங்களுக்குள் மொத்தமும் பழுத்துவிடும், ஒரே மூச்சில் காய்ச்சிவிடலாம். சதைப்பற்று அதிகமுள்ள பழமென்றால் சீக்கிரம் வற்றும். அன்றாடச் சமையலுக்கு நீண்டு வளரும் ரகத்தில் இரண்டு செடி போதும், விட்டுவிட்டுக் காய்க்கும்.

பாட்டிலில் அடைப்பதானால் அரை லிட்டர் தக்காளிக்கு ஒரு மேசைக்கரண்டி, கடையில் விற்கும் பாட்டில் எலுமிச்சைச் சாறு சேருங்கள். பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், நம்ப முடியாது.

பீன்ஸை மொத்தமாக விதைக்காதீர்கள், 2-3 வார இடைவெளி விடுங்கள். மிஞ்சியதைக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். கொதிநீரில் போடாமல் வைத்தால் நொதிகள் நிறத்தையும் மணத்தையும் கெடுத்துவிடும். பீன்ஸில் புளிப்பு குறைவு என்பதால், பாட்டிலில் அடைத்து வெறும் கொதிநீரில் வைப்பது ஆபத்து. போட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டில் சாகாது.

வெள்ளரி ஊறுகாய் கொழகொழக்கிறதா? பூ இருந்த முனையை மெல்லிசாக நறுக்கி எறிந்துவிட்டுப் போடுங்கள்.