மூன்று டெபியன் பெட்டிகளும் ஒரு ஏஎஃப்எஸ் செல்லும்

பொங்கல் விடுமுறையில் எங்கள் ஆய்வுக்கூடம் காலியாக இருந்த நான்கு நாளில் ஓப்பன்ஏஎஃப்எஸ்ஸை (சுருக்கமாக ஏஎஃப்எஸ்; பல சர்வர்களில் உள்ள கோப்புகளை ஒரே இடத்தில் இருப்பதுபோலக் காட்டும் நெட்வொர்க் கோப்பு முறை) நிறுவி முடித்தேன். டெபியன் லினக்ஸ் ஓடும் மூன்று சர்வர் பெட்டிகள். மூன்றும் சேர்ந்தது ஒரு ‘செல்’, அதாவது ஒரே நிர்வாகத்தில் உள்ள ஏஎஃப்எஸ் தொகுப்பு. ஒன்றில், பயனர் யாரென்று சரிபார்த்து டிக்கெட் தரும் கெர்பரோஸும் ஏஎஃப்எஸ் தரவுத்தளங்களும். மற்ற இரண்டிலும் மாணவர்களின் கோப்புகள்.

அதுவரை என்எஃப்எஸ் என்ற இன்னொரு நெட்வொர்க் கோப்பு முறைதான் ஓடியது. ஒரு சர்வரில் வட்டு நிறைந்தால் போதும், எல்லோரையும் லாக்அவுட் செய்யச் சொல்லி, ராத்திரி முழுக்க ஹோம் டைரக்டரிகளை நகலெடுத்து, ஒவ்வொரு கிளையன்ட்டிலும், அதாவது மாணவர்கள் உட்காரும் கணினியிலும், சர்வரை இணைக்கும் மவுண்ட் வரியைத் திருத்த வேண்டும். ஏஎஃப்எஸ்ஸில் அந்த வேலையே கிடையாது. எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் பாதை ஒன்றுதான். கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது என்பதைத் தரவுத்தளத்தைக் கேட்டு கிளையன்ட்டே தெரிந்துகொள்ளும்.

1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து நடத்திய ஆண்ட்ரூ திட்டத்தில் பிறந்தது இது. அதை முன்னின்று வடிவமைத்தவர்களில் ஒருவரான மகாதேவ் சத்தியநாராயணன் சென்னை ஐஐடியில் படித்தவர். 2000இல் ஐபிஎம் மூலநிரலைத் திறந்து விட்டதால்தான் இன்று நாம் காசில்லாமல் நிறுவிக்கொள்ள முடிகிறது.

நிறுவும்போது வரிசை முக்கியம். முதலில் கணினிப் பெயர்கள் சரியான முகவரிகளாகத் தீர வேண்டும், அடுத்து கடிகாரம், அடுத்து கெர்பரோஸ், அதற்கப்புறம்தான் ஏஎஃப்எஸ். கிளையன்ட்டுக்கு, லினக்ஸின் மையமான கெர்னலில் சேரும் மாட்யூல் ஒன்று வேண்டும். கெர்னல் ஹெடர்கள் இல்லையென்றால் அது கம்பைல் ஆகாது. கோப்பு சர்வரில் வைஸ்பிஏ என்ற பெயரில் தனிப் பார்ட்டிஷன் ஒன்றை ஒதுக்க வேண்டும். அதற்குள் எட்டிப் பார்த்தால் மாணவர்களின் கோப்புப் பெயர் ஒன்றுகூடத் தெரியாது, புரியாத எழுத்துகளும் எண்களும்தான் இருக்கும். அங்கே கையால் எதையும் நகர்த்தவோ அழிக்கவோ கூடாது.

மூன்றாம் நாள் முழுக்க ஒரே சிக்கலில் போனது. கெர்பரோஸ் டிக்கெட் வாங்கும் கேஇனிட் கட்டளை வேலை செய்தது, அந்த டிக்கெட்டை வைத்து ஏகேலாக் கட்டளை ஏஎஃப்எஸ்ஸுக்கான அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கித் தந்தது. முதல் சர்வரில் எழுத முடிந்தது. இரண்டாவதில் மட்டும் அனுமதி இல்லை என்றது. சாவிக் கோப்பை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கிளையன்ட்டின் கெர்னல் பதிவைத் திறந்தால், என் டோக்கன்கள் கைவிடப்பட்டன என்று ஒரு வரி, பக்கத்தில் அந்த சர்வரின் முகவரி. அந்தப் பெட்டியில் போய்த் தேதி பார்த்தேன், பல வருடம் பின்னால் நின்றது. மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது, முந்தைய நாள் மின்வெட்டில் கடிகாரம் அழிந்துவிட்டது. அந்த ஒன்றில் மட்டும், நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியைப் போடவில்லை. அதன் கடிகாரப்படி என் டிக்கெட் இன்னும் தொடங்கவே இல்லை. நாளைக்குத் தொடங்கப்போகும் டிக்கெட்டை எந்த சர்வர் ஏற்கும்? புது பேட்டரியும் என்டிபியும் போட்டதும் எல்லாம் ஓடியது.

மாணவர்களுக்குப் புதிதாகப் பட்டவை இரண்டு. இங்கே அனுமதி டைரக்டரிக்குத்தான், ஏழு எழுத்தில்: படிக்க, பட்டியல் பார்க்க, சேர்க்க, நீக்க, எழுத, பூட்ட, நிர்வகிக்க. கோப்பில், யூனிக்ஸ் வழக்கப்படி எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 கொடுத்துவிட்டுப் பக்கத்து நண்பனால் ஏன் திறக்க முடியவில்லை என்று கேட்டு வந்தார்கள்; குழுவுக்கும் மற்றவர்க்குமான பிட்டுகளை ஏஎஃப்எஸ் பார்ப்பதே இல்லை. இன்னொன்று டோக்கனின் ஆயுள். எங்கள் அமைப்பில் 10 மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கிய சிமுலேஷன் விடிகாலை நாலு மணிக்கு எழுத முடியாமல் நின்றதில் ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலை போயிற்று. அவளுக்காகவே மறுநாள் கே5ஸ்டார்ட் என்ற நிரலை அமைத்தேன். வேலை முடியும்வரை அதுவே டிக்கெட்டையும் டோக்கனையும் புதுப்பித்துக்கொண்டிருக்கும். இதை முதல் நாளே செய்து, எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

போன வாரம் முதல் சர்வரின் வட்டு ஒன்று பிழை காட்டத் தொடங்கியது. அதிலிருந்த வால்யூம்களை (ஏஎஃப்எஸ் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுதிகளை) வாஸ் மூவ் கட்டளையால் ஒவ்வொன்றாக இரண்டாவது சர்வருக்கு அனுப்பினேன், பட்டப்பகலில், லேப் நிறைய ஆள் இருக்கும்போது. ஒரு பையனின் 12 ஜிபி வால்யூம் நகர்ந்துகொண்டிருந்தபோது அவன் அதே டைரக்டரியில் கம்பைல் செய்துகொண்டிருந்தான். ஏதாவது தடங்கலா தம்பி என்று கேட்டேன். "எதுக்கு சார் கேக்கறீங்க?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் பழைய வட்டைக் கழற்றினேன்.