ரேஸ் இல்லம்மா: எட்டுக் குதிரைகளோடு ஒரு சீசன்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கோயம்புத்தூரில் யார் கேட்டாலும் அம்மா "குதிரை ரேஸ்ல இருக்கா" என்று சொல்லிவிடுவார். ரேஸ் இல்லம்மா, ரேஸ் இல்லம்மா என்று சொல்லிச் சொல்லி நான்தான் ஓய்ந்துபோனேன். அதனால் 2024 சீசன் எங்களுக்கு எப்படிப் போனது என்று எழுதுவதற்கு முன்னால் அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன்.

இதற்குப் பெயர் ஈவென்டிங். ஒரே குதிரை, ஒரே ரைடர், மூன்று பரீட்சை. டிரெஸாஜில் நடுவர்கள் பார்க்க, செவ்வகத் திடலுக்குள் வரிசை பிசகாமல் அசைவுகளைச் செய்து காட்ட வேண்டும், கிட்டத்தட்ட அரங்கேற்றம் மாதிரி. ஷோ ஜம்பிங்கில் தொட்டாலே விழுகிற கம்பிகள், ஒன்று விழுந்தால் 4 பெனால்டி. கிராஸ் கன்ட்ரி என்பது மேடு, பள்ளம், குளம் எல்லாம் தாண்டி முழு மரத்தில் செய்த தடைகள் மேல் பாய்ந்து ஓடுவது. அங்கே குதிரை முரண்டு பிடித்து நின்றால் 20, குறித்த நேரத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4. எல்லாவற்றையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் தலைகீழ்.

நான் ரைடர் இல்லை. குரூம். கிண்டி ரேஸ் மைதானத்தில் குதிரையைப் பராமரிக்கிறவரை சைஸ் என்பார்களே, அதே வேலைதான், கூடவே லாரி டிரைவர், தையல்காரி, குமாஸ்தா. கணவருக்கு இங்கிலாந்தில், ஸ்விண்டனில் வேலை என்று வந்தவள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா ஓடி 23-ஆவது இடம் வந்ததைச் சமையலறையில் நின்று போனில் பார்த்தேன். ஊரில் சின்ன வயதில் குதிரை ஏறிய ஆசை திரும்ப வந்துவிட்டது. அக்கம்பக்கத்து லாயங்களில் விசாரித்தேன், அரை மணி நேரத் தூரத்தில் ஒரு ரைடருக்கு ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான் கதை.

எங்கள் ரைடரிடம் எட்டுக் குதிரைகள். இரண்டு அவருடையவை, மீதி ஆறும் உரிமையாளர்களுடையவை. 14 வயது மேஜர்தான் பெரியவன், பேட்மின்டன், பர்லி என்று ஐந்து நட்சத்திரப் போட்டிகளுக்கான ஆள், அதற்கு மேல் படி கிடையாது. கடைசிப் பிள்ளை ஆறு வயது பிஸ்கட். நடுவில் நெல்லி என்கிற கோபக்காரி, ஒரு வெள்ளைக் குதிரை, அப்புறம் நாலு பேர். (வெள்ளைக் குதிரையை வாங்காதீர்கள் என்பதுதான் உலகத்துக்கு நான் சொல்ல விரும்பும் ஒரே அறிவுரை. போட்டிக்கு முந்தின இரவு சாணத்தில்தான் படுத்துத் தூங்கும்.)

சீசன் மார்ச்சில் தொடங்கினாலும் வேலை ஜனவரியில் ஒரு வெள்ளைப் பலகையில் ஆரம்பித்துவிடும். இடது பக்கம் எட்டுப் பெயர். வலது ஓரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கு. இலக்கிலிருந்து பின்னாடி எண்ணிக்கொண்டே வர வேண்டும்: அதற்கு முன் எத்தனை சின்னப் போட்டி ஓடியிருக்க வேண்டும், எதில் ஓடினால் தகுதி கிடைக்கும், நாலைந்து நாளைக்கு ஒருமுறை மேட்டில் ஏறும் வேக ஓட்டம் எப்போது, லாடக்காரர் எப்போது வருவார், ஃப்ளூ தடுப்பூசி எப்போது. இந்தத் தடுப்பூசி சர்வதேசப் போட்டி என்றால் ஆறு மாதம் 21 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும், ஆனால் போட்டி மைதானத்துக்குப் போவதற்கு முந்தின ஏழு நாளில் போட்டிருக்கக் கூடாது. எட்டுக் குதிரைக்கும் இந்தக் கணக்கு. பலகை முழுக்க நாலு கலரில் எழுதி முடித்து, பார்க்கவே அழகாக இருந்தது, போட்டோ கூட எடுத்தேன்.

மழை வந்து அதை அழித்தது. அந்த வருஷ வசந்தத்தில் இங்கிலாந்தில் எத்தனையோ போட்டிகள் சேறு காரணமாக ரத்தாயின. சேணமெல்லாம் துடைத்து லாரியில் ஏற்றி முடித்த சாயங்காலம் "ரத்து" என்று மெயில் வரும், எல்லாவற்றையும் இறக்குவோம், அடுத்த வாரத்துக்கு வேறு இடத்தில் இடம் தேடுவோம், எல்லாரும் அதே இடத்தையே தேடுவதால் அங்கும் நெரிசல். சின்னக் குதிரைகளுக்குப் பரவாயில்லை, ஒரு மாதம் தள்ளினால் போச்சு. மேஜருக்குத்தான் சிக்கல். பேட்மின்டன் மே 8. அதற்குள் அவன் ஓட வேண்டிய மூன்று ஓட்டத்தில் ஒன்றுதான் நடந்தது. ஒரு ஓட்டத்தை நம்பி 11 நிமிஷத்துக்கும் மேல் நீளும் கிராஸ் கன்ட்ரிக்கு ஒரு குதிரையைக் கூட்டிப்போக முடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு ரைடர் பேரை எடுத்துவிட்டார். பலகையில் பேட்மின்டனை அழித்து, ஜூனில் யார்க்‌ஷயரில் நடக்கும் பிராம்ஹம் என்று எழுதினார், நாலு நட்சத்திரம்.

பேட்மின்டனுக்கு நான் டிக்கெட் வாங்கிப் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். இறகுப் பந்து விளையாட்டுக்குப் பெயர் வந்ததே போட்டி நடக்கும் பேட்மின்டன் மாளிகையிலிருந்துதான். வீட்டில் சொன்னபோது அம்மா "ஷட்டில் ஆடவா போன?" என்றார். விட்டுவிட்டேன்.

சரி, ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒருநாள் போட்டி, மூன்று குதிரை. தொடங்கும் நேரங்கள் இரண்டு நாள் முன்னால்தான் வரும். வந்ததும் ஒரு தாளில் அட்டவணை போட்டு லாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவேன். நெல்லிக்கு டிரெஸாஜ் 8:52, பிஸ்கட்டுக்கு 9:40, வெள்ளையனுக்கு 11:16, இப்படி மூன்றையும் மூன்றால் பெருக்கினால் ஒன்பது நேரம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ரைடர் அரை மணி நேரமாவது சூடேற்ற வேண்டும், ஆனால் ரைடர் ஒருவர்தானே. அவர் ஒரு குதிரையிலிருந்து இறங்கும்போது அடுத்தது சேணம் கட்டி, வாய் துடைத்து, பக்கத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் அவர் கால் தரையில் படுவது நாலு விநாடிதான்.

காலை மூன்றரைக்கு எழுந்து பிடரி பின்னுவேன். ஒரு குதிரைக்கு 15 பின்னல், நூல் ஊசியோடு. சின்ன வயதில் பள்ளிக்குப் போகும்முன் அம்மா எனக்கு இழுத்துப் பின்னிய கோபமெல்லாம் அப்போது ஞாபகம் வரும், நெல்லியும் அதே மாதிரிதான் தலையை உதறுவாள். அப்புறம் லாரி. 7.5 டன், ஓட்டுவதற்கு சி1 லைசென்ஸ் எடுத்தேன். எங்கள் தெருவில் ஸ்கூட்டி மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவள் நான்.

போனதும் முதல் வேலை தரையைக் காலால் அழுத்திப் பார்ப்பது. லாடத்தில் துளை இருக்கும், அதில் ஸ்டட் என்கிற திருகாணியைத் திருக வேண்டும், புல்லில் வழுக்காமல் இருக்க. காய்ந்து இறுகிய தரைக்குச் சின்னது, கூர்மையானது. சேற்றுக்குப் பெரியது, தடித்தது. பெரிதாகப் போட்டால் காலுக்கு அதிர்ச்சி, சின்னதாகப் போட்டால் வழுக்கல். துளைக்குள் மண் அடைத்துக்கொள்ளும் என்பதால் முந்தின இரவே சுத்தம் செய்து பஞ்சு வைத்து அடைப்பேன். இதைச் செய்யாமல் காலையில், குதிரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போது, குனிந்து துளையைத் தோண்டியவர்களுக்குத்தான் வலி தெரியும். நான் ஒரே ஒரு தடவை மறந்தேன், ஏப்ரலில். ஷோ ஜம்பிங்குக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது. ரைடர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் மோசம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேசப் போட்டியில் குதிரைக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டு, கஃபீன் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே லாயத்தில் காபி டம்ளரோடு நடக்கக் கூடாது, காபி கையோடு தீவனம் கலக்கக் கூடாது. நம் வீட்டுப் பிரச்சினை கசகசா. அதில் மார்ஃபின் துளியளவு இருக்கும். குருமாவில் கசகசா அரைத்து, அதை டப்பாவில் கட்டிக்கொண்டு போட்டிக்குப் போனவள் நான். விவரம் தெரிந்த பிறகு கசகசா வீட்டிலேயே நின்றுவிட்டது, தேங்காயோடு சரி. மாத்திரை மருந்து எடுப்பவர்கள் குதிரையின் வைக்கோல் படுக்கையில் சிறுநீர் கழிக்காதீர்கள் என்றும் குரூம்களுக்கு எச்சரிக்கை உண்டு. சிரிப்பு வரும், ஆனால் அப்படியும் மாட்டியிருக்கிறார்கள்.

ஜூன். பிராம்ஹம். மேடு இறக்கம் நிறைந்த இடம், குதிரையின் மூச்சை வாங்கிவிடும். நாலு நட்சத்திரத்தில் நிமிஷத்துக்கு 570 மீட்டர் வேகம் எதிர்பார்ப்பார்கள். மேஜரை அனுப்பிவிட்டு முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் பக்கெட்டுகளோடு நின்றால் ஒன்றும் தெரியாது, ஒலிபெருக்கியில் தடை எண் சொல்லச் சொல்ல விரலை மடக்கிக்கொண்டிருப்பேன். ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் நடுவில் அறிவிப்பாளர் வேறு குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார் பாருங்கள், அந்த நேரம் மாதிரி ஒரு நேரம் வேறு இல்லை. 12 விநாடி தாமதம், 4.8 பெனால்டி, வேறு ஒன்றுமில்லை. வந்து நின்றான், மூக்கு இரண்டும் விரிந்து, உடம்பிலிருந்து ஆவி.

அந்தப் பத்து நிமிஷம் என்னுடையது. சேணத்தைக் கழற்று, ஐஸ் தண்ணீரை ஊற்று, நடத்து, மறுபடி ஊற்று. சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் புழுக்கத்துக்காகச் செய்த ஆராய்ச்சியில் அது தவறு என்று தெரிந்தது. வழித்து எடுக்கக்கூட வேண்டாம், விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும். மூச்சு இறங்கியதும் நாலு காலுக்கும் ஐஸ். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடத்தினேன், கால் விறைக்காமல் இருக்க. மறுநாள் காலை மருத்துவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், நொண்டினால் வீட்டுக்கு. ஓடினான். ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பி தட்டினான், 4. எனக்கு அது போதும் என்றிருந்தது. லாரியில் ஏறியதும் ரைடர், "செப்டம்பரில் பர்லி" என்றார்.

ஜூலைக் கடைசியில் வெர்சாய் தோட்டத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கின் ஈவென்டிங். ஷோ ஜம்பிங் நடந்த திங்கட்கிழமை நாங்கள் லாயத்தில் ஒரு போனைத் தீவன மூட்டை மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பிரிட்டனுக்கு அணித் தங்கம், ஜெர்மன் ரைடர் மைக்கேல் யுங்குக்கு மூன்றாவது தனிநபர் தங்கம். முடிந்த கையோடு சாணம் அள்ளப் போனோம்.

ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. தீவனம் வைப்பதற்கு முன் எல்லார் காலையும் தடவிப் பார்ப்பது என் வழக்கம், எட்டுக் குதிரை, முப்பத்திரண்டு கால். மேஜரின் இடது முன்னங்காலின் பின்பக்கம், தசைநாண் மேல், லேசான சூடு. வீக்கம் இல்லை. நொண்டல் இல்லை. வலது காலைத் தொட்டேன், மறுபடி இடது. வெயில் அந்தப் பக்கமாகத்தானே விழுகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ரைடரிடம் சொல்லாமல் சாயங்காலம் வரை பார்க்கலாமா என்றும் தோன்றியது, பொய் சொல்லவில்லை. பர்லிக்கு மூன்று வாரம்கூட முழுசாக இல்லை. மேஜரின் உரிமையாளர்கள் வயதான தம்பதி, பர்லிக்குப் பக்கத்து ஊரான ஸ்டாம்ஃபர்டில் ரூம் போட்டுப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் கூப்பிட்டிருந்தார்கள்.

சொன்னேன். அவரும் தொட்டுப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் டாக்டரைக் கூப்பிட்டார். ஸ்கேனில் நாணில் சின்ன சேதம். அன்றைக்கு ஓடியிருந்தால் தெரிந்திருக்காது, பர்லியில் எட்டாவது நிமிஷத்தில் தெரிந்திருக்கும் என்றார் டாக்டர். ரைடர் உரிமையாளர்களுக்குப் போன் போட்டு லாயத்துக்கு வெளியே நடந்துகொண்டே பேசினார், நீண்ட நேரம். திரும்பி வந்து பலகையில் பர்லியைக் கையால் அழித்தார், அழிப்பான் பக்கத்திலேயே இருந்தது. "கெட்டிலைப் போடு" என்றார். மேஜருக்கு அத்தோடு அந்த வருஷம் முடிந்தது.

மீதிச் சீசன் வேகமாகப் போனது. நெல்லி செப்டம்பரில் ப்ளென்ஹைமில் ஒரு கம்பியும் தட்டவில்லை, யாரையும் கடிக்கவும் இல்லை, கடிக்காததுதான் பெரிய செய்தி. அக்டோபரில் பிஸ்கட்டுக்கு பிரான்ஸில் லெ லியோன் தான்ஜே, ஆறு வயது, ஏழு வயதுக் குதிரைகளின் உலகச் சாம்பியன்ஷிப் நடக்கும் இடம். பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் ஒரு குதிரை கடல் தாண்டுவது கல்யாணத்துக்குச் சமம்: அரசு அங்கீகாரம் பெற்ற மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று, சேணத்திலிருந்து பக்கெட் வரை எழுதிய கார்னெட் என்கிற சுங்கப் பத்திரம், கலேயில் எல்லைச் சோதனை. பிஸ்கட்டின் காகிதமெல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. குதிரைக்கு பிரான்ஸ் போகத் தடையில்லை, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற எனக்குத்தான் ஷெங்கன் விசா வேண்டும், அதற்கு நேரம் கிடைக்கவில்லை. வேறொரு குரூமை அனுப்பினோம். பின்னல் போடும் முறையை அவளுக்கு வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். பிஸ்கட் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு ஒருமுறை நின்றான், 20. ஆறு வயதுதானே.

எட்டில் மூன்று குதிரைகள்தான் ஜனவரியில் எழுதிய இலக்கைத் தொட்டன. ரைடரைக் கேட்டால் நல்ல வருஷம் என்கிறார்.

நவம்பரில் லாடத்தைக் கழற்றி எல்லாரையும் புல்வெளியில் விட்டோம். நான் ஊருக்குக் கிளம்பினேன். சென்னையில் இறங்கி கோவை விமானத்துக்கு மாறும்போது பாதுகாப்புச் சோதனையில் என் ஜாக்கெட்டை இரண்டு தடவை மெஷினில் அனுப்பினார்கள். ஜாக்கெட் பையின் உள் தையலுக்குள் மூன்று ஸ்டட், சேற்றுக்குப் போடும் பெரிய சைஸ். அந்தப் பெண் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"குதிரை லாடத்துல திருகறதுங்க."

"குதிரையா? ரேஸா?"

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன்.