தோவாளைப் பூக்கடைக் கம்ப்யூட்டர்: ஓணத்துக்கு முந்திய வாரம்

ஆகஸ்ட் 19, 2025, செவ்வாய்

காலை நாலரைக்கு போன். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து பூ கமிஷன் கடை அண்ணாச்சி. "மக்கா, மிஷின் ஓப்பன் ஆவமாட்டேங்கு. என்னவோ எழுதிக் காட்டிட்டு அப்படியே நிக்கி. விவசாயிகளுக்குப் பற்று எழுத முடியல்ல."

வடசேரியில் ஒரு சாயா குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். வெள்ளமடம் தாண்டியதுமே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளத் தொடங்கிவிட்டது. ஆடி போனாலும் காற்று போகவில்லை.

சந்தை முழுக்க இரைச்சல். திரையில் இரண்டு வரி நின்றது. மேலே 'எக்ஸ்பான்ஷன் ரோம் நாட் இனிஷியலைஸ்டு, மாஸ் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்'. கீழே 'ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்'. அதாவது, கூடுதலாகச் செருகிய கார்டு ஒன்றின் தொடக்க நிரலை ஓட்ட முடியவில்லை, அதனால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் கண்ணில் படவில்லை.

இந்த மிஷின் எனக்குத் தெரிந்ததுதான். விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் பழைய பில் புரோகிராம், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பழைய ஹார்டு டிஸ்க் போனபோது சாட்டா என்ற வேறுவகை இணைப்புள்ள டிஸ்க் ஒன்றையும், அதை இணைக்க மதர்போர்டின் துளையில் செருகும் பிசிஐ கார்டையும் போட்டுக் கொடுத்தது நான்தான். மே மாத இடிமழையில் மதர்போர்டின் நெட்வொர்க் துளை போய்விட்டது. ஓண வியாபாரத்துக்குக் கடையின் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்க வேண்டுமென்று போன சனிக்கிழமை வேறொருவர் வந்து புதிதாக ஒரு லேன் கார்டு, அதாவது நெட்வொர்க் கார்டு, செருகியிருக்கிறார். நேற்று அண்ணாச்சி அவரிடம் போனில் கேட்டதற்கு, சாட்டா கார்டு செத்துவிட்டது, மதர்போர்டோடு மாற்றிவிடுங்கள் என்றாராம்.

மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுத் திறந்தேன். ஃபேன் இறக்கைகளில் காய்ந்த கேந்தி இதழ்கள் ஒட்டிக் கிடந்தன. நாள் முழுக்கப் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் இடம், மேலே கணவாய்த் தூசி. இரண்டும் சேர்ந்து கார்டின் பொன் பற்களில் மங்கலாக ஒரு படலம் படிந்திருந்தது. பலர் ரப்பரால் தேய்ப்பார்கள். நான் தேய்ப்பதில்லை. அந்தப் பொன்பூச்சு மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தேன். திரும்பச் செருகினேன். அதே இரண்டு வரி.

புது லேன் கார்டை மட்டும் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். எக்ஸ்பி திறந்துகொண்டது.

சாட்டா கார்டு சாகவில்லை. அது போதும் இப்போதைக்கு. வரிசையில் இருபது பேர் நின்றார்கள், அண்ணாச்சி பில் போடத் தொடங்கிவிட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

மதியம் சந்தை ஓய்ந்தபிறகு போனேன். அண்ணாச்சி கேட்டார், "புதுசா போட்டது கெட்டதுன்னா அத மாத்தலாம். அது நல்லாத்தான் இருக்குங்க. பழசும் நல்லா இருக்குங்க. அப்போ கெட்டது எது? எனக்கு மனசிலாவல்ல."

கேட்கவேண்டிய கேள்விதான். கடையை வைத்தே சொன்னேன்.

மிஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல் பயாஸ். இந்த மாதிரிப் பழைய பயாஸுக்கு எல்லாம் அடிப்படை 1981-ல் வந்த ஐபிஎம் பிசி. அதன் பிராசசர் எட்டிப் பிடிக்கும் நினைவகம் மொத்தமே 1 எம்பி, அதாவது 1024 கேபி. அதில் 640 கேபி புரோகிராம்களுக்கு, மீதி 384 கேபி திரைக்கும் கார்டுகளுக்கும் பயாஸுக்கும். கார்டுகளின் தொடக்க நிரல்கள் வந்து உட்காரப் பெரும்பாலும் கிடைப்பது 768 கேபிக்கும் 896 கேபிக்கும் இடைப்பட்ட 128 கேபி திண்ணைதான். திரையின் வீடியோ பயாஸ் முதலில் வந்து 32 முதல் 64 கேபி வரை பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் மற்றவர்கள். பயாஸ் ஒவ்வொரு 2 கேபியாக நகர்ந்து, 55, ஏஏ என்ற இரண்டு பைட் அடையாளம் எங்கே இருக்கிறது என்று தேடும். அடுத்த பைட்டில் அந்த நிரலின் அளவு இருக்கும். பிசிஐ கார்டானால் அதை எடுத்துத் திண்ணையில் வைத்துத்தான் ஓட்டவேண்டும். வைக்க இடமில்லையென்றால் அந்தக் கார்டின் பெயரை எழுதிவிட்டு நின்றுவிடும்.

"அப்போ கடைசியா வந்தவன் பேரத்தான் எழுதுது," என்றார்.

அதேதான். கடைசியில் வந்து இடம் கிடைக்காதவனைக் குற்றவாளி என்று நினைத்துக் காசு செலவழிக்கிறோம்.

நிரூபித்துக் காட்ட இரண்டு கார்டையும் துளை மாற்றிச் செருகினேன். இப்போது சாட்டா முன்னால், லேன் பின்னால். திரையில் அதே எச்சரிக்கை வந்தது, பெயர் மட்டும் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று மாறியிருந்தது. எஃப்1 அழுத்தியதும் எக்ஸ்பி வந்தது. அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு அருகில் உட்கார்ந்துவிட்டார்.

இதோடு விடலாமா என்று யோசித்தேன். தினமும் ஒரு எச்சரிக்கையைத் தாண்டிப் போவது நல்ல பழக்கமில்லை, ஒருநாள் உண்மையான எச்சரிக்கை வரும்போதும் கை தானாக எஃப்1-க்குப் போகும். அதனால் பயாஸின் அமைப்புகளை மாற்றும் செட்டப்பில் நுழைந்தேன். மே மாதத்தில் செத்த அந்த நெட்வொர்க் துளைக்கு 'பூட் ரோம்' இன்னமும் எனேபிள் என்றே இருந்தது. வேறொரு சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக விண்டோஸைத் துவக்க மட்டுமே பயன்படும் நிரல் அது. பூக்கடைக்கு எதற்கு? டிசேபிள். சேவ். எச்சரிக்கை ஒன்றுமில்லாமல் திறந்தது. இரண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கொண்டன.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை நாலே முக்காலுக்குத் திரும்பவும் போன். "நீ போட்டத அது கழட்டிட்டு." நெட்வொர்க் கன்ட்ரோலர் எச்சரிக்கை மறுபடியும்.

போய்ச் செட்டப்பைத் திறந்தால் பூட் ரோம் எனேபிள் என்றிருந்தது. யாரும் தொடவில்லை என்கிறார்கள்.

பில் போடும் அக்காதான் வழி காட்டினார். ஒரு கையில் பில் கட்டு, இன்னொரு கையில் பிச்சிப்பூ கவர். "தம்பி, தேதியும் தெனமும் தப்பாத்தான் வரும். காலையில நான்தான் சரி பண்ணுவேன். நேத்து சரி பண்ணுனேன், இன்னைக்குப் பாருங்க." பழைய பில்களை விரித்துக் காட்டினார். பழைய நகல் சிலவற்றில் தேதி 01-01-2004. மறந்துபோன நாட்களின் பில்களாம்.

செட்டப்பின் முதல் பக்கத்தில் தேதி இருக்கிறது. நேற்று அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன், படிக்கவில்லை. படித்திருந்தால் அண்ணாச்சிக்கு இன்னொரு காலைச் சந்தை வீணாகியிருக்காது. அது எனக்கு உறுத்துகிறது.

"சில நாள் தேதி சரியா இருக்குமே அக்கா?"

"ஆமா. மதியம் பையன் மெயின் ஸ்விட்ச அணைக்க மறந்தான்னா சரியா இருக்கும்."

முடிச்சு அவிழ்ந்தது. மெயின் இருக்கும்வரை பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கடிகாரத்தையும் செட்டப்பையும் காப்பாற்றும். மெயின் போனால் அந்த வேலை மதர்போர்டின் சிறு பேட்டரியுடையது. கழற்றி மீட்டரில் வைத்தேன்: 3 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 2.1. ஒவ்வொரு மதியமும் கடை சாத்தும்போது மிஷின் எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிட்டது. அந்த அமைப்பில் பூட் ரோம் எனேபிள். லேன் கார்டு வருவதற்கு முன் திண்ணையில் எப்படியோ எல்லாரும் அடங்கியிருந்தார்கள், அதனால் மறதி தேதியில் மட்டும் தெரிந்தது.

சிஆர்2032, ஒரு வில்லை. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதுதான் அந்தப் பெயரின் எண்கள். மாற்றினேன், தேதி வைத்தேன், பூட் ரோமை மறுபடி அணைத்தேன். மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு மாலை ஐந்து வரை காத்திருந்தேன். ஆன் செய்தபோது தேதி நின்றது, அமைப்பும் நின்றது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போன் வரவில்லை. ஏழு மணிக்கு நானே அழைத்தேன். "ஓடுகு, ஓடுகு" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பென் டிரைவில் கணக்கு முழுவதையும் நகல் எடுத்தேன். இரண்டு நகல், ஒன்று அண்ணாச்சி வீட்டு பீரோவில். புது மிஷின் வாங்கலாமா என்று கேட்டார். பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள புது மதர்போர்டுகளில் இந்த 128 கேபி நெருக்கடி இல்லை, உண்மை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆனால் இந்த மிஷினை இன்டர்நெட்டில் விடவில்லை, பில் புரோகிராம் எழுதியவரும் இப்போது இல்லை. ஓணம் முடியட்டும், நிதானமாக மாற்றுவோம் என்றேன். நெருக்கடி நேரத்தில் புதுசு வாங்கச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

கேபினட்டின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதினேன்: பேட்டரி மாற்றியது 21-8-25. போர்டு லேன் பூட் ரோம் டிசேபிள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று அத்தம், ஓணக் கொண்டாட்டத்தின் முதல் நாள். கேரளா வண்டிகள் இருட்டிலேயே வந்து நின்றன. நாளை விநாயகர் சதுர்த்தி, அதனால் அருகம்புல்லும் எருக்கமாலையும் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. ஓசூர் ரோஜா, மதுரை மல்லி, உள்ளூர்ப் பிச்சி, மூட்டை மூட்டையாகக் கேந்தி. அக்கா முதல் பில்லைக் கிழித்து என் பக்கம் நீட்டினார். 26-08-2025.

எழுத்துதான் மங்கல். ரிப்பன் தீர்ந்துவிட்டது. நாகர்கோவிலில் கடை திறந்ததும் வாங்கிக்கொண்டு திரும்ப வரவேண்டும்.