பிளேயரைத் தூக்கிப் போட்டுடாதீங்க

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் நிறைய வீட்டில் தாத்தாவோட பழைய கேசட் பிளேயர் அலமாரியில் தூங்குது. கேட்டால், "சார்ஜ் நிக்கல, கெட்டுப் போச்சு" என்கிறார்கள். பிளேயர் கெடவில்லைங்க, பெரும்பாலும் பேட்டரிதான் ஓய்ந்து போயிருக்கும். சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண பேட்டரி புதிதில் 1.5. அதனால் சில பிளேயர்களில் பேட்டரி குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கு சீக்கிரமே எரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மாற்றும்போது இரண்டு பேட்டரியையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று பழசு ஒன்று புதுசு என்று போட்டால் பழசு முதலில் தீர்ந்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைகீழாக மின்சாரம் பாய்ந்து அடியோடு பாழாகிவிடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 4,000 mAh (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) என்று அச்சடித்து விற்கும் டபுள் ஏ சார்ஜ் பேட்டரியை நம்பாதீர்கள், அந்த சைஸில் நல்லதே 2,500 பக்கம்தான் வரும். ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

அப்புறம், பழைய பேட்டரியை வீட்டுக்குப் பின்னால் குப்பையோடு கொளுத்தாதீர்கள், வெடிக்கும். பழைய ரக நிக்கல்-காட்மியம் சார்ஜ் பேட்டரி என்றால் புகையே விஷம்.

பக்கத்தில் இருப்பவர்கள் பிளேயரோடு வீட்டுக்கு வாங்க, மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.